பன்னிரண்டு படி வீடு

"எவளோ ஒரு புண்ணியவதி சுத்தம் பண்றேன்னு வந்து, என் தம்பியைத் தொலைச்சுட்டா சார்."

மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறைக்குள் நுழைந்த அந்த அம்மாள், செருப்பைக் கழற்றியும் கழற்றாமலும் சொன்ன முதல் வாக்கியம் இது. அந்தப் புண்ணியவதி மூன்றடி தள்ளி, கம்ப்யூட்டருக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தாள் என்பது அவருக்குத் தெரியாது. அந்த அறையில் இருந்த பெரியவரின் மருமகள் அவள்; தலையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டாள்.

அவளுடைய மாமனாரை ஊரில் எல்லோரும் 'டைரக்டரி' என்றுதான் சொல்வார்கள். டெலிபோன் ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் டைரக்டரி தயாரித்தவர். யார் எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவுக்குப் போனார், எந்த வருஷம் கடையின் பெயரை மாற்றினார் என்பதெல்லாம் அவர் விரல் நுனியில் இருந்தன. ஓய்வு பெற்ற பிறகு, காணாமல் போனவர்களைத் தேடித்தரச் சொல்லி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அறையின் ஒரு சுவர் முழுக்கப் பழைய டைரக்டரிகள். மழைக்காலத்தில் அந்த மெல்லிய தாளின் வாசனை அறை முழுதும் நிற்கும். மருமகளுக்கு அந்த வாசனை பிடிக்கும். வீட்டுச் சத்தத்துக்குத் தப்பித்து, அவள் தன் வேலையை அங்கே கொண்டுவந்து வைத்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

இணையதளங்களின் பக்கங்களுக்கு விலாசம் எழுதுவது அவள் தொழில். விலாசம் எண்ணும் கேள்விக்குறியுமாக, வாலும் கொம்புமாக இருந்தால் தேடுபொறி முகத்தைச் சுளிக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று இரண்டு மூன்று சொற்களில், இடையில் சின்னக் கோடு போட்டுத் தெளிவாகச் சொன்னால், தேடி வருகிறவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்துவிடும். "நாங்க டைரக்டரியில செஞ்சதும் இதேதான்மா. உனக்குச் சம்பளம் மட்டும் கூட" என்பார் மாமா.

"உட்காருங்க. தம்பி எப்பத் தொலைஞ்சார்? முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார் டைரக்டரி.

வந்தவர் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். கையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசும் பழக்கம் இருந்தது. தம்பி வீட்டைவிட்டுப் போய்ப் பத்தொன்பது வருஷமாகிறது. அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பையன் பரீட்சைக்குப் படிக்காமல் பாட்டுக் கேட்கிறான் என்று ஒரு நாள் அவனுடைய ரேடியோவைப் பழைய சாமான்காரனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். சாயங்காலம் வந்தவன் ரேடியோ இருந்த இடத்தைப் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். மறுநாள் காலையில் படுக்கை காலியாக இருந்தது. அன்றிலிருந்து அப்பா அவன் பெயரை எடுத்ததே இல்லை.

"அப்ப நான் கல்யாணமாகி வேற ஊர்ல இருந்தேன் சார். என் வீட்டுக்காரர் போன பிறகு, அஞ்சு வருஷமா அம்மா அப்பாவோடதான் இருக்கேன். அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு. மாடி வீடு. கீழ்வீடு ஒண்ணு நல்லதாப் பார்த்தும் வெச்சேன். வரவே மாட்டேங்கிறாங்க. 'அவனுக்குத் தெரிஞ்ச விலாசம் இது ஒண்ணுதான்டி, இதையும் மாத்திட்டா அவன் எங்கே வருவான்'ங்கறாங்க."

போன வருஷம், 'நம்ம தெரு' என்ற இணையதளத்தில் ஒரு கட்டுரை வந்தது. பழைய குடியிருப்புக்காரர்கள் தங்கள் தெருவின் நினைவுகளை எழுதும் இடம் அது. ஸ்டூடியோ வைத்திருந்த ஒருவர் நடத்துகிறார். எழுதியவர் பெயர் 'மாடிப்படி' என்று மட்டும் இருந்தது. டைம்கீப்பர் பைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே அந்தப் பக்கத்தின் அச்சுப்பிரதி. தொட்டுத் தொட்டு ஓரமெல்லாம் மங்கியிருந்தது. டைரக்டரி வாய்விட்டுப் படித்தார்.

"படிக்குக் கீழே ஒரு ரேடியோ. எங்கள் வீடு மாடியில். தெருவிலிருந்து பதின்மூன்று படி. கதவைக் கொஞ்சம் தூக்கித் தள்ளினால்தான் திறக்கும். படிக்கட்டுக்குக் கீழே, துடைப்பமும் ஓட்டை வாளியும் கிடக்கும் இடுக்கில் உட்கார்ந்து, ரேடியோவைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்பேன். ஏழாவது படியில் அப்பா நின்றுகொண்டிருப்பார். அது எனக்குத் தெரியாது. பாட்டு முடிந்ததும் சத்தமில்லாமல் மேலே ஏறிப் போய்விடுவார். அந்த ரேடியோவை நினைக்காத நாள் இல்லை. வீட்டை நினைக்காத நாளும் இல்லை."

"தம்பிதான் சார். கதவைத் தூக்கித் தள்ளணும்கிறதும், படிக்குக் கீழே ரேடியோங்கிறதும் எங்க நாலு பேரைத் தவிர யாருக்குத் தெரியும்? அம்மா தினம் சாயங்காலம் இதைப் படிக்கச் சொல்லிக் கேட்பாங்க. நான் அந்தப் பக்கத்துக்குக் கீழே 'தம்பி, நீதானா? அக்கா'ன்னு எழுதிப் போட்டேன். பதில் வரலை. வரும் வரும்னு தினம் பார்த்துட்டு இருந்தேன். போன மாசம் ஒரு நாள் பக்கத்தையே காணோம். விலாசத்தையெல்லாம் யாரோ ஒரு பொண்ணு சுத்தம் பண்ணினாளாம், அதுல போயிருக்கும்னு டிப்போவுல சொன்னாங்க. அவனுக்கும் எங்களுக்கும் நடுவுல இருந்த ஒரே கதவு சார் அது."

மருமகள் எழுந்து வந்து, "அக்கா, அந்தப் புண்ணியவதி நான்தான்" என்றாள்.

டைம்கீப்பர் அவளை மேலும் கீழும் பார்த்தார். திட்டத்தான் வாயைத் திறந்தார். ஆனால் மருமகளின் கண்கள் நிறைந்திருந்ததைப் பார்த்து, "சரி, உட்காரும்மா. நீ நின்னா எனக்கும் நிக்கணும்போல இருக்கு" என்றார்.

டைரக்டரி எதுவும் நடக்காதது போல அடுத்த கேள்விக்குப் போனார். "வீட்டுல வேற யாருக்கு இந்தக் கம்ப்யூட்டர் பழக்கம் உண்டு?"

"அம்மாவுக்குக் கண்ணு சரியில்ல. அப்பா அதைக் கண்டாலே மூஞ்சியைத் திருப்பிக்குவார். செவ்வாய்க்கிழமையானா காலையில நூலகம் போய் நாலு பேப்பர் படிப்பார். மத்த நாள் எல்லாம் அந்த ஜன்னல்தான்."

"உங்க வீட்டுக்கு எத்தனை படி?"

"யாரு சார் எண்ணினாங்க? அதுல எழுதியிருக்கே, பதின்மூணுன்னு."

"ஆமா, எழுதியிருக்கு" என்றார் டைரக்டரி. அச்சுப்பிரதியின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி ஓடியது. பாதி உறையின் மடிப்புக்குள் இருந்தது. அவர் பூதக்கண்ணாடியை எடுத்து அதை வெகுநேரம் பார்த்தார். "இதை ரெண்டு நாள் நான் வெச்சுக்கலாமா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

டைம்கீப்பர் படியிறங்கியதும் மருமகள் குட்டி போட்ட பூனை மாதிரி அறைக்குள் நடந்தாள். அவள் செய்தது என்ன என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். மொத்தம் அறுநூற்று நாற்பது பக்கங்கள். பழைய விலாசம் ஒவ்வொன்றும் தேதி, எண், கட்டுரையின் பெயர் என்று முழ நீளத்துக்கு இருந்தது. தேதியையும் எண்ணையும் வெட்டிவிட்டு, பக்கத்தின் இப்போதைய தலைப்பை மட்டும் விலாசமாக்கினாள். பழைய விலாசத்தைத் தட்டினால் தானாகப் புதிய விலாசத்துக்குக் கூட்டிப்போகும்படி ஏற்பாடும் செய்திருந்தாள். அறுநூற்று நாற்பதையும் ஒரு நிரல்தான் செய்தது; அவள் கண்ணால் பார்த்தது அங்கொன்றும் இங்கொன்றும்.

"நான் ஒண்ணை விட்டிருப்பேனா மாமா?"

"பட்டியல் வெச்சிருக்கியா?"

இருந்தது. ஒரு பத்தியில் பழைய விலாசம், அடுத்ததில் புதியது. 'படிக்குக் கீழே ஒரு ரேடியோ' இருநூற்றுப் பதினெட்டாவது வரிசையில் நின்றது.

"அப்ப நீ கை வெச்ச நாள் வரைக்கும் பக்கம் இருந்திருக்கு. நீ தொலைக்கலை. இப்ப இந்த வரிசையில பழைய விலாசத்தைப் படி. எனக்கு இங்கிலீஷ் எழுத்துல தமிழைப் படிச்சா தலை சுத்துது."

அவள் படித்தாள். தளத்தின் இயந்திரம் தமிழ்ச் சொற்களை இங்கிலீஷ் எழுத்தில் போடும். தேதி, எண், அதற்குப் பிறகு கோடு கோடாக மூன்று சொற்கள். படித்துவிட்டு அச்சுப்பிரதியின் அடியில் பொடி எழுத்தில் விழுந்திருந்த விலாசத்தைப் பார்த்தாள். இரண்டும் ஒன்றுதான். ஆனால் அதில் படியும் இல்லை, ரேடியோவும் இல்லை.

"மாமா! இது வேற ஏதோ..."

"சத்தமாச் சொல்லாதே. கீழே கண்ணாடிக்கடைக்காரர் காது ரொம்பக் கூர்மை. ஒரு கட்டுரைக்கு விலாசம் எப்ப விழும்? எழுதி முடிச்ச பிறகா, எழுத ஆரம்பிக்கும்போதா?"

"முதல் முதல்ல தலைப்பு போட்டுச் சேமிக்கும்போதே விழுந்துடும். அப்புறம் தலைப்பை எத்தனை தரம் மாத்தினாலும் விலாசம் மாறாது. நிறையப் பேருக்கு இது தெரியாது."

"எங்க ஆபீஸ் அட்டை மாதிரிதான்" என்றார் டைரக்டரி. "பேரை மாத்தினா பழைய பேர்மேல ஒரு கோடு போட்டுட்டுப் பக்கத்துல புதுசை எழுதுவோம். அழிக்க மாட்டோம். டைரக்டரியில புதுப் பேர்தான் வரும். ஆனா அட்டையை எடுத்துப் பார்க்கறவனுக்குப் பழைய பேரும் தெரியும். வா, ஸ்டூடியோவுக்குப் போகலாம்."

ஸ்டூடியோவில் இப்போது யாரும் படம் எடுக்க வருவதில்லை. சுவரில் வரைந்த ஏரியும் தோணியும் மட்டும் அப்படியே இருந்தன. அந்தத் தோணிக்கு முன்னால் நின்று தெருவில் பாதிப் பேர் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஸ்டூடியோக்காரர் டீ வரவழைத்தார். கேட்டதும் கொஞ்சம் சங்கடப்பட்டார்.

"நான் எடுக்கலைங்க. உங்க மருமகளும் எடுக்கலை. எழுதினவரே தன்னோட பாஸ்வேர்டு போட்டு எடுத்துட்டார். குப்பைத்தொட்டியில இன்னும் கிடக்கு. ரெண்டு மாசம் வரைக்கும் அங்கேயே இருக்கும், அப்புறம்தான் அழியும். ஆனா அவர் எடுத்ததைத் திருப்பிப் போட எனக்கு உரிமையில்ல பாருங்க. மெயில் போட்டுக் கேட்டேன். பதில் இல்ல."

"எந்த நாள் எடுத்தார்?"

ஸ்டூடியோக்காரர் திரையைத் திருப்பிக் காட்டினார். செவ்வாய், காலை பத்து நாற்பது. அதற்கு முன்பு 'மாடிப்படி' உள்ளே வந்த நேரங்களும் வரிசையாக இருந்தன. மருமகள் விரலை வைத்து எண்ணிக்கொண்டே போனாள். எல்லாமே செவ்வாய்க்கிழமை, பத்திலிருந்து பதினொன்றுக்குள். அவள் மாமாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் தோணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வாரம் எழுதறவங்களுக்கு ஏதாவது சொல்லி அனுப்பினீங்களா?"

"ஆமா, திங்கட்கிழமை எல்லாருக்கும் மெயில் போட்டேன். 'உங்கள் பழைய விலாசம் இது, புதிய விலாசம் இது, முழுப் பட்டியல் வியாழக்கிழமை முதல் முகப்பில் இருக்கும்'னு. நல்ல விஷயம்தானே செஞ்சேன்?"

"நல்ல விஷயம்தான். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டுடுச்சு, அவ்வளவுதான்" என்றார் டைரக்டரி. "நாளைக்குச் சாயங்காலம் வாத்தியார் வீட்டுக்கு வந்துடுங்க. அந்தக் கம்ப்யூட்டரையும் கொண்டு வாங்க."

மறுநாள் அவர்கள் கொஞ்சம் முன்னாலேயே போய்விட்டார்கள். கீழே சலவைக்கடை. மாடிக்குப் போகும் படிக்கட்டு குறுகலாக, நடுவில் தேய்ந்து குழிந்திருந்தது. டைரக்டரி முதல் படியில் கால் வைக்காமல் குனிந்து பார்த்தார். மேலே இருந்த படிகளெல்லாம் கருங்கல். அடியில் இருந்தது மட்டும் சிமென்ட்.

"இது மட்டும் ஏன் வேற மாதிரி இருக்கு?" என்று சலவைக்கடைக்காரரிடம் கேட்டார்.

"குழாய் பதிக்கறேன்னு தெருவை வெட்டித் தாழ்த்தினாங்கல்ல, அப்பக் கால் எட்டலை. நானும் வாத்தியாரும் சேர்ந்து பூசினோம். பதினாலு வருஷம் ஆயிருக்கும்" என்றார் அவர், இஸ்திரிப் பெட்டியிலிருந்து கையை எடுக்காமலே.

மருமகள் எண்ணிக்கொண்டே ஏறினாள். பதின்மூன்று. ஏழாவது படியில் நின்று எட்டிப் பார்த்தாள். கைப்பிடிக் கம்பிக்கு அந்தப் பக்கம், கீழே அந்த இடுக்கு தெரிந்தது. துடைப்பம் இருந்தது. வாளி இருந்தது.

"மாமா, இதை எல்லார் முன்னாலயும் சொல்லத்தான் வேணுமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நான் பாதி தூரம்தான் சொல்லுவேன். மீதியை யார் சொல்லணுமோ அவர் சொல்லுவார்" என்றார் அவர்.

கதவைத் தூக்கித் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். கூடத்தில் ஒரு மேஜை, நாலு நாற்காலி. வாத்தியார் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்று, எல்லோருக்கும் நாற்காலி சரியாக இருக்கிறதா என்று கணக்குப் பார்த்துவிட்டு, தான் மறுபடி ஜன்னலுக்கே போனார். அவர் மனைவி கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஸ்டூடியோக்காரரும் வந்து சேர்ந்தார். டைம்கீப்பர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"முதல்ல ஒண்ணு. இந்தப் பக்கத்தை என் மருமகள் தொலைக்கலை, ஸ்டூடியோக்காரரும் தொலைக்கலை. எழுதினவரே எடுத்துட்டார். அதனால இங்க யார் மேலயும் யாரும் கோபப்பட வேண்டாம்" என்று ஆரம்பித்தார் டைரக்டரி.

"அப்ப என் தம்பியேவா எடுத்தான்? ஏன்?" என்றார் டைம்கீப்பர்.

"எழுதினது உங்க தம்பி இல்லம்மா."

கீழே இஸ்திரிப் பெட்டி வைக்கும் சத்தம் கேட்டது.

"உங்க தம்பி போய்ப் பத்தொன்பது வருஷம். அடியில இருக்கிற படி பூசிப் பதினாலு வருஷம். அவர் இருந்தப்ப இந்த வீட்டுக்குப் பன்னிரண்டு படிதான். பதின்மூணுன்னு எழுத அவரால முடியாது. இதைக்கூட விட்டுடலாம், எண்ணும்போது ஒண்ணு தப்பியிருக்கும்னு சொல்லலாம். ஆனா இந்த வரியைக் கேளுங்க. 'ஏழாவது படியில் அப்பா நின்றுகொண்டிருப்பார். அது எனக்குத் தெரியாது.'" டைரக்டரி தாளிலிருந்து தலையைத் தூக்கினார். "தெரியாததை எப்படிம்மா எழுதுவான்? அந்த இடுக்குல உட்கார்ந்தவனுக்குப் படி மேல நிக்கறவர் தெரிய மாட்டார். படி மேல நின்னவருக்குத்தான் அவன் தெரிவான். படிச்சப்ப நமக்கெல்லாம் அழகாத்தான் இருந்தது. அழகா இருந்ததால யாரும் கேள்வி கேக்கலை."

டைம்கீப்பரின் கை கடிகாரத்தின் மேலேயே நின்றுவிட்டது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருக்கப் பாடுபடுகிறார் என்று மருமகளுக்குத் தோன்றியது.

"எழுதினவர் வாரத்துல ஒரு நாள், ஒரு மணி நேரம்தான் வருவார். பொது இடத்துக் கம்ப்யூட்டராத்தான் இருக்கணும். போன மாசம் ஒரு மெயில் வந்தது, பழைய விலாசத்தையும் புது விலாசத்தையும் ஊருக்கே காட்டப் போறோம்னு. அப்பதான் அவருக்கு ஒண்ணு தெரிஞ்சது. கட்டுரைக்கு அவர் முதல்ல வேற தலைப்பு வெச்சிருந்தார். அப்புறம் தைரியம் வரலை. தலைப்பை மாத்தினார், குரலையும் மாத்தினார். மாத்தினதும் பழசு அழிஞ்சுபோச்சுன்னு நினைச்சார். அழியலை. விலாசத்துல அப்படியே உட்கார்ந்திருந்தது. அதைத் தன் வீட்டு ஆள் யாராவது பார்த்துடுவாங்கன்னு பயந்து, பக்கத்தையே எடுத்துட்டார்." டைரக்டரி பிளாஸ்டிக் உறையை மேஜைமேல் வைத்தார். "அந்த முதல் தலைப்பு என்னன்னு நான் சொல்லப் போறதில்ல. அது என் வாயிலேர்ந்து வரக்கூடாது."

ஜன்னலோரத்திலிருந்து, வகுப்பில் கடைசி பெஞ்சில் எழுந்து நிற்கும் பையனைப் போல, வாத்தியார் எழுந்தார்.

"'மகனுக்கு ஒரு வார்த்தை'" என்றார்.

தொண்டையைச் செருமிக்கொண்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அந்த ஒரு வார்த்தைதான் வரலை. நாலு செவ்வாய்க்கிழமை அந்தத் தலைப்பைப் பார்த்துட்டே உட்கார்ந்திருந்தேன். வாழ்நாள் பூரா பிள்ளைங்களுக்கு விடையைச் சொல்லிக்கொடுத்தவன், எனக்குன்னு வந்தப்ப ஒரு வரி எழுதத் தெரியலை. அப்புறம்தான், அவன் எழுதற மாதிரி எழுதினா இவளாவது கேட்டுச் சந்தோஷப்படுவாளேன்னு... அவன் வீட்டை நினைக்கிறான்னு இவள் நம்பட்டும்னு... பொய்தான். நான் செஞ்சது பொய்." மகளைப் பார்த்தார். "நீ 'தம்பி, நீதானா'ன்னு எழுதியிருந்தியே, அதைப் பார்த்த அன்னிக்கு எனக்கு வீட்டுக்கு வரக் கால் வரலைம்மா."

டைம்கீப்பர் அழுதார். கோபமா துக்கமா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரிந்திருக்காது. "ஒரு வருஷம்ப்பா. தினம் அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். அம்மா எப்படி நம்பிட்டு இருந்தாங்க..."

"யாருடி நம்பினா?" என்றார் கட்டிலில் இருந்த அம்மா.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பன்னிரண்டாவது படியில நின்னு 'பன்னிரண்டு!'ன்னு கத்திட்டுத்தான் கதவைத் தள்ளுவான் அவன். நீ கல்யாணமாகிப் போன பிறகு வந்த பழக்கம் அது. நீ பதின்மூணுன்னு படிச்ச உடனே எனக்குத் தெரியும், இது பதின்மூணு ஏறி மூச்சு வாங்கற ஆளு எழுதினதுன்னு." முட்டியைத் தடவிக்கொண்டே கணவரைப் பார்த்தார். "ரேடியோவைத் தூக்கிக் கொடுத்த மனுஷன் படியில நின்னு பாட்டுக் கேட்டாருன்னு பத்தொன்பது வருஷமா எனக்குத் தெரியாது. வாயைத் திறந்து சொன்னாரா? அதைத்தான் தினம் படிக்கச் சொல்லிக் கேட்டேன். அது போனதும்தான் எனக்குச் சோறு இறங்கலை."

வாத்தியார் நாற்காலியைத் தேடினார். ஸ்டூடியோக்காரர் தன்னுடையதை நகர்த்திக் கொடுத்தார்.

மருமகள்தான் முதலில் பேசினாள். அவளால் சும்மா இருக்க முடியாது. "சார், குப்பைத்தொட்டியில இருக்கிற பக்கத்தை எடுத்துடலாம். நீங்க உங்க குரல்லயே திருத்தி எழுதுங்க. விலாசத்தை நான் போடறேன். அவர் என்னிக்காவது ஒரு நாள் வீட்டை நினைச்சுத் தேடுவார்ல? என்ன வார்த்தை போட்டுத் தேடுவாரோ, அதையே விலாசமா வெச்சா நேரா இங்க வந்துடுவார். அவர் என்னன்னு தேடுவார்?"

வாத்தியார் யோசித்தார். தெருவின் பெயர், பள்ளியின் பெயர், தன் பெயர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, தானே தலையாட்டி அடித்துப் போட்டார்.

"பன்னிரண்டு படி வீடு" என்றார் அம்மா. "சிநேகிதங்களுக்கு அப்படித்தான் வழி சொல்லுவான்."

"இப்பப் பதின்மூணு இருக்கே" என்றார் வாத்தியார், பழக்கதோஷத்தில்.

"அது உங்களுக்கு. அவனுக்குப் பன்னிரண்டுதான்."

அங்கேயே, மேஜைமேல் வைத்து வாத்தியார் திருத்தினார். ஒரு விரலால் தட்டினார். 'அப்பா' என்று இருந்த இடத்திலெல்லாம் 'நான்' வந்தது. 'அது எனக்குத் தெரியாது' என்பது 'அது உனக்குத் தெரியாது' ஆயிற்று. ரேடியோவைக் கொடுத்தது தவறு என்று ஒரு வரி எழுதி, அதை இரண்டு தரம் அழித்து, மூன்றாம் தரம் விட்டுவைத்தார். கீழே தன் பெயரைப் போடாமல், 'அப்பா' என்று போட்டார். தலைப்பு பழையபடி 'மகனுக்கு ஒரு வார்த்தை'. விலாசம் மட்டும் 'பன்னிரண்டு-படி-வீடு'. இதுவரை அந்தப் பக்கத்துக்கு இருந்த விலாசங்கள் எதைத் தட்டினாலும் இங்கே வரும்படி மருமகள் முடிச்சுப் போட்டாள்.

"எங்க டைரக்டரியில, வீடு மாத்தினவங்க பேருக்குப் பக்கத்துல ஒரு வருஷம் வரைக்கும் 'புதிய விலாசம் காண்க'ன்னு போடுவோம்" என்றார் டைரக்டரி, எதையோ நினைத்துக்கொண்டு.

"வீட்டுக்கும் அப்படி ஒண்ணு வைக்க முடியுமா?" என்று கேட்டார் அம்மா.

படியிறங்கும்போது டைரக்டரி சலவைக்கடைக்காரரிடம் இதைச் சொன்னார். "பத்தொன்பது வருஷமா இங்கேயேதானே நிக்கிறேன். அவங்க வீடு மாத்தினா என்ன, தம்பி என்னிக்கு வந்தாலும் நானே கூட்டிட்டுப் போய் விடறேன்" என்றார் அவர். அவருக்கு இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

அடுத்த மாதமே அவர்கள் கீழ்வீட்டுக்குப் போனார்கள். பக்கத்தை யார் யாரோ படித்தார்கள், நல்லதாக நாலு வார்த்தை எழுதினார்கள். மருமகள் தினமும் காலையில் முதல் வேலையாக அதைத் திறந்து பார்ப்பாள். மாமா பேப்பருக்குப் பின்னாலிருந்து "என்ன?" என்பார். "ஒண்ணுமில்ல மாமா" என்பாள். இப்படி ஏழு மாதம் போயிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவள் "மாமா" என்று மட்டும் சொன்னாள். மேற்கொண்டு வரவில்லை. முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு முறைகூடப் பதறாதவர், மூக்கின்மேல் இருந்த கண்ணாடியை மேஜையெல்லாம் தேடிக்கொண்டு வந்தார்.

பக்கத்துக்குக் கீழே, பெயர் போடாத ஒரு வரி இருந்தது.

"பதின்மூணாவது படி எப்பப்பா வந்துச்சு?"

டைம்கீப்பருக்குப் போன் போட்டார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடியும் போடலாம் என்று மருமகள் கையை எடுத்தபோது, திரையில் அந்த வரிக்குக் கீழே இன்னொரு வரி வந்து விழுந்தது. அன்று செவ்வாய்க்கிழமை இல்லை. வாத்தியார் மகளின் போனைப் பிடுங்கி, ஒரு விரலால்தான் தட்டியிருக்க வேண்டும்.

"நீ போய் அஞ்சு வருஷம் கழிச்சு. வந்து எண்ணிப் பாருப்பா."